நர்ஸம்மா தவிட்டுக்கு வாங்கிய என் மகள்

1

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டாத வீடு நம் பக்கத்தில் கிடையாது. நீங்களும் சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருப்பீர்கள். பிறகு உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி அவர்களையும் அழவைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதை விளையாட்டாகச் சொல்ல வழியில்லை. அது எழுத்தில் இருக்கிறது. முத்திரையும் கையெழுத்துமாகக் கொல்லிமலையிலிருந்து கப்பல் தபாலில் வந்து சேர்ந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

நான் இங்கே மலாயாவில், பேராக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கிராணி என்றால் பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். துரை திட்டுவதை ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், ஆட்கள் திட்டுவதைத் துரைக்குச் சொல்லாமல் விட வேண்டும். முக்கால்வாசி வேலை அவ்வளவுதான். என் மகள் அன்னத்துக்கு இந்த ஐப்பசியில் பத்து வயது முடிகிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு படிப்பு தீர்ந்துபோகிறது. டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று போனால், பிள்ளை பிறந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். அவள் பிறந்தது கொல்லிமலை மேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே எழுதிப் போட்டேன். கப்பல் போய், மலையேறி, மலையிறங்கி, கப்பல் வந்து சேர நாலு மாதம் ஆயிற்று.

காகிதத்தை எடுத்துக்கொண்டு, அன்னத்தையும் கூட்டிக்கொண்டு, டவுனுக்குப் போனேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கடைசிக் கட்டத்தை இரண்டு தரம் படித்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'மேற்படி பெண் குழந்தை பிறந்த ஏழாம் நாள் என்னால் தவிட்டுக்கு வாங்கப்பட்டது. நாற்பத்தெட்டாம் நாள் வளர்க்கும் பொருட்டுப் பெற்றோர் வசம் கொடுக்கப்பட்டது. ஞானம்மாள், நர்ஸ்.'

"உதென்ன கிராணியார், பிள்ளையை ஆரோ வாங்கினதெண்டு எழுதிக் கிடக்கு?"

"சின்னதாகப் பிறந்த பிள்ளை நிலைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம் அது."

"எனக்கு விளங்குது. ஆனா மதர் வெள்ளைக்காரி. அவவுக்கு நான் இதை எப்பிடி இங்கிலீசில எழுதிக் குடுக்கிறது? வித்ததெண்டு எழுதினா பொலிசுக்கு ஆள் அனுப்புவா."

யோசித்துவிட்டு, "வளர்ப்புப் பெற்றோர் எண்டு போடட்டோ? கரைச்சல் இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவனைப் பார்த்து வளர்ப்பவன் என்று சொல்ல நீர் யார் என்று கேட்டுவிட்டேன். அவர் பாவம், சத்தம் போடவில்லை. அப்படியானால் அந்த நர்ஸிடமிருந்து, பிள்ளைமேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்னம் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். 

2

இந்தக் கதை அவளுக்குத் தெரியாதது அல்ல. தெரியும், ஆனால் நான் சொன்ன மாதிரி தெரியும். அதில்தான் சங்கடமே இருக்கிறது.

எங்கள் நாள் விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆரம்பிக்கிறது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத்தான் இங்கே பெரட்டு என்கிறார்கள். பிறகு ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகை, பிறகு ஆபீஸ். சாயங்காலம் மழை. ஊரில் மழைக்கு ஒரு மாதம் உண்டு. இங்கே மழைக்கு ஒரு மணி உண்டு, நாலு மணி. அன்னம் ஜன்னலில் நின்று "ஊஜான் வந்திருச்சும்மா" என்று குரல் கொடுப்பாள். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி, மழை அவளுக்கு ஊஜான் ஆகிவிட்டது. வேண்டாம் என்பதற்குத் "தா மாவு" என்கிறாள். என் மனைவி பாவாயி, எட்டு வருஷமாகியும், "ஊட்டுக்குள்ள வா சாமி, நனையாத" என்றுதான் சொல்லுகிறாள். ஒருவர் பேசுவது ஒருவருக்கு நன்றாகவே புரிகிறது, நடுவில் நான்தான் இரண்டுக்கும் திருத்தம் சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

தமிழில் கடிதம் எழுதச் சொன்னால் அன்னத்துக்குத் தலைவலி வந்துவிடும். தாய்மாமனுக்கு இரண்டு வரி எழுது என்று தீபாவளிக்குத் தீபாவளி கெஞ்சுவேன். "நீங்களே எழுதுங்கப்பா, நான் பேர் மட்டும் போடறேன்" என்பாள். அந்தப் பேரையும் இங்கிலீஷில் போடுவாள்.

ஆனால் அவள் பிறந்த கதை என்றால் எங்கிருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளையும் கூட்டி வருவாள். நானும் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் அதைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தேன். அதில் நான் ஆஸ்பத்திரி வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பேன். "என் பிள்ளையை மலையிறக்க விடமாட்டேன்" என்று அந்தத் தாய்மாமனை, என் மச்சானைப் பார்த்துச் சொல்லுவேன். நர்ஸம்மா எனக்குப் பின்னால் நிற்பார். பிள்ளைகள் கைதட்டும். பாவாயி அடுப்படியில் இருப்பாள். ஒரு நாளும் அவள் மறுத்துச் சொன்னதில்லை.

நடந்தது வேறு. முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

3

எனக்குக் காளப்பநாயக்கன்பட்டி, பாவாயிக்குப் பேளுக்குறிச்சி. கல்யாணமான புதிதில் சேலத்துக்காரர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில், மலை மேல், எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடைதான், மூட்டை என்றால் தலைச்சுமை, நோயாளி என்றால் டோலி. இளம் பெண்ணை அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஏழாம் மாதத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று பெரிய மச்சான் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன்.

ஏழாம் மாதம் வந்தது. தோட்டத்தில் காய் எடுக்கிற நேரம், முதலாளி லீவு தரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நானும் தள்ளிப் போட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எட்டாம் மாதம் நடுவில் ஒரு காலை பாவாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றாள். தோட்டத்து ஆட்கள் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மணி நேர நடையில் அந்த ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டு அறை, நாலு கட்டில், பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை. டாக்டர் கீழேயிருந்து வாரத்துக்கு ஒரு தரம் வருவார். மற்ற ஆறு நாளும் எல்லாம் நர்ஸம்மா ஞானம்மாள்தான். திருநெல்வேலிச் சீமைக்காரர். நாற்பது வயதிருக்கும். சிரிக்க மாட்டார் என்று முதலில் நினைத்தேன். சிரிப்பை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பது பிறகுதான் புரிந்தது.

மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். மூன்று ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. அழவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. நர்ஸம்மா பஞ்சில் சுற்றி, ஒரு கூடையில் வைத்து, சுற்றிலும் வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் பொதிந்து அடுக்கினார். என்னைப் பார்த்து, "ரைட்டரய்யா, விறகு வெட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "படிச்சிக்கிடுங்க. இந்தப் புட்டி எந்நேரமும் சூடா இருக்கணும்" என்றார்.

பிள்ளைக்குப் பால் உறிஞ்சத் தெம்பில்லை. பாலாடையில் ஊற்றினால் புரையேறியது. ஆஸ்பத்திரியிலிருந்த கண்ணாடிச் சொட்டுக்குழாய் மூன்றாம் நாள் உடைந்துபோனது. நான் அப்போதுதான் ஆசை ஆசையாகச் சேலத்தில் ஒரு பவுண்டன் பேனாவும் அதற்கு மை ஊற்றுகிற பில்லரும் வாங்கியிருந்தேன். பேனா என் சட்டைப் பையில் இருந்ததை நர்ஸம்மா பார்த்துவிட்டார். பில்லர் எங்கே என்று கேட்டார். தோட்டத்துக்கு ஓடிப் போய் எடுத்து வந்தேன். மூன்று தரம் கொதிக்க வைத்துக் கழுவினார். பாவாயி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் தர, அந்தப் பில்லரால் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முடித்தவுடன் அடுத்த வேளை வந்துவிடும்.

ஐந்தாம் நாள் அடுத்த கட்டிலில் ஒரு மலைக்காரப் பெண்ணின் குழந்தை இறந்துபோனது. நல்ல கனமான பிள்ளை. அதைத் துணியில் சுற்றித் தூக்கிப் போவதைப் பாவாயி பார்த்தாள். எங்கள் கூடையின் மேல் தன் சேலை முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டாள்.

4

சேதி கேட்டு ஏழாம் நாள் காலை பெரிய மச்சான் பழனியப்பன் வந்து சேர்ந்தார். டோலியும் நாலு ஆட்களுமாக, மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா அங்க சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்குதுங்க மாப்ள. மொதப் பொறப்பு அம்மா ஊட்டுல ஆகோணும். அதுதான் ஆகாமப் போச்சு. இருக்கற உசுரையாவது ஊட்டுக்குக் கொண்டு போயரலாம்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க மச்சான் என்றேன். சத்தியம் செய்து மீறியவன் வேறு என்ன சொல்ல முடியும்? நர்ஸம்மா இரண்டு பேரையும் பார்த்து, இந்தக் குளிரில் கூடையை விட்டு எடுத்து அரை நாள் மலையிறக்கினால் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் பிள்ளை இருக்காது என்று நேராகச் சொன்னார். மச்சான் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"நீங்க நல்லாத்தான் பாக்கறீங்க, இல்லீங்கல. ஆனா அந்தக் கட்டல்ல இருந்த புள்ளையையும் நீங்கதான பாத்தீங்க?"

அந்த அம்மாள் திரும்பிப் போய்க் கூடையில் ஒரு புட்டியை மாற்றினார். முகம் மட்டும் கறுத்துப் போனது.

நாளை விடியற்காலை புறப்படுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஒரு சாங்கியம் செய்துவிட வேண்டும் என்று மச்சானுக்கு எண்ணம். நிலைக்காத பிள்ளையை வேற்று ஆளுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், இது யாரும் ஆசைப்படாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான். பிறகு பெற்றவர்களே அடுத்தவர் பிள்ளை போல வளர்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் சொந்தமாக இருக்கக் கூடாது. மச்சான் சுற்றிப் பார்த்தார். சொந்தமில்லாதவர், பெண், பிள்ளைகுட்டி இல்லாதவர் என்று நர்ஸம்மாதான் நின்றார்.

மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். கிறிஸ்து வேதக்காரர் ஆயிற்றே, மாட்டேன் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கூடையை எட்டிப் பார்த்தார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு முறம் தவிடு அள்ளிக்கொண்டு வந்தார்.

"முறைப்படி எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க. அப்படியே செய்வோம்" என்றார்.

பாவாயி பிள்ளையைக் கூடையோடு வாசற்படிக்குள் வைத்தாள். மச்சான் வெளியே நின்றார். "இந்தப் புள்ள எங்களுக்கு வேண்டாம். தவுட்டுக்கு விக்கறோம், வாங்கிக்கறீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நர்ஸம்மா "வாங்கிக்கிடுதேன்" என்றார். தவிட்டை மச்சானுடைய துண்டில் கொட்டினார். கூடையை எடுத்துக்கொண்டார். பிறகு டோலி ஆட்களையும், கட்டுப் போட வந்து உட்கார்ந்திருந்த மலைக்காரர்களையும் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. வித்தாச்சு, வாங்கியாச்சு. நாளைக்கு இல்லன்னு சொல்லப்படாது."

மச்சானுக்கு ஏகச் சந்தோஷம். இவ்வளவு சிரத்தையாகச் செய்கிற அம்மாளா என்று என்னிடம் வியந்தார். விற்ற தவிட்டை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று அவரே சொல்லி, அதை நீரில் கலந்து ஆஸ்பத்திரி மாட்டுக்கே வைத்துவிட்டார். நர்ஸம்மா உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை.

5

மறுநாள் காலை மழை விட்டிருந்தது, காற்று மட்டும் அடித்தது. டோலி ஆட்கள் மூங்கிலில் கயிறு முறுக்கிக் கட்டினார்கள். ஒரு முனையை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் பிடித்தேன்.

ஆமாம், அந்தக் காலையில் நான் இருந்த இடம் அதுதான். வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கவில்லை. மகள் வழியில் செத்துப்போவாள் என்று நர்ஸம்மா சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்திருந்தது. நம்பவும் செய்தேன். ஆனாலும் மச்சான் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு, முடிச்சு இறுகுகிறதா என்று பார்த்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மச்சான் உள்ளே பார்த்து, "அம்மிணி, புள்ளையக் குடுங்க, நேரமாச்சு" என்றார்.

நர்ஸம்மா வாசலுக்கு வந்தார். கையில் பிள்ளை இல்லை. "எந்தப் பிள்ளை?" என்றார்.

"எங்க புள்ளைங்க."

"உங்க பிள்ளையத்தான் நேத்து வித்துட்டியளே. உள்ள கிடக்கது எம்பிள்ளை. எம்பிள்ளைய இந்தக் காத்துல நான் வெளிய விட மாட்டேன். உங்க தங்கச்சி வேணும்னா கூட்டிட்டுப் போங்க. அவுகள நான் வாங்கல."

மச்சான் முதலில் சிரித்தார். பிறகு அது வேடிக்கையில்லை என்று தெரிந்து, சத்தம் போட்டார். சாங்கியத்தைச் சாங்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டாமா என்றார். அந்த அம்மாள் அசையவில்லை. கால் புண்ணுக்குக் கட்டுப் போட முந்தின நாளும் வந்திருந்த அந்த ஊர்க்கவுண்டர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். மலையில் எந்த வழக்கானாலும் அவரிடம்தான் போகும். மச்சான் அவரிடம் திரும்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க என்றார்.

"தவுடு வாங்குனீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார் கவுண்டர்.

"வாங்குனனுங்க. அதையத் திருப்பிக் குடுத்துடறனுங்க."

"எங்க?"

மச்சான் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "மாடு தின்னுபோட்டுதுங்க" என்றார்.

டோலி ஆள் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கவுண்டர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டார்.

"தவுடு கெடக்குதுங்க, எங்கூட்ல இருந்துகூடக் குடுக்கலாம். நான் கேக்கறது வேற. இந்தப் புள்ள எங்களுக்கு வேண்டாம்னு நேத்துத்தான் மூணு தரம் சொன்னீங்க. நானும் கேட்டேன், கேக்க வேண்டியவனும் கேட்டிருப்பான். இன்னைக்குக் காத்தால நீங்களே மடியில கட்டித் தூக்கிட்டுப் போனா, வழியில பாக்கறவனுக்கு என்ன தெரியும்? ஓ, இது இவங்க புள்ளதானாட்டிருக்குதுன்னு தெரிஞ்சு போகாதுங்களா?"

 மச்சான் எதற்கும் அஞ்சாதவர். ஆனால் அந்த இடத்தில் அவர் பயந்ததை நான் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவனாக இருந்தால் நர்ஸம்மாவை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பிள்ளையை எடுத்திருப்பார். அவர் உண்மையாகவே நம்பித்தான் விற்றிருந்தார். படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு "நீ அந்த அம்மாகிட்டயே இரு கண்ணு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று தங்கச்சியிடம் சொன்னார்.

அவ்வளவுதான். டோலி வெறுமனே இறங்கிப் போனது. நான் கயிற்றை எப்போது விட்டேன் என்பது எனக்கு நினைவில்லை.

6

அதற்குப் பிறகு நாற்பது நாள். நான் விறகு வெட்டப் படித்துக்கொண்டேன். பாவாயி உட்கார்ந்தபடியே தூங்கப் படித்துக்கொண்டாள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னும் சாயங்காலம் வந்த பின்னும் நான் வெந்நீர்ப் புட்டி மாற்றுவேன். தராசில் பிள்ளையை வைத்துவிட்டு நர்ஸம்மா முகத்தை நாங்கள் பார்ப்போம். கூடினால் ஒன்றும் சொல்ல மாட்டார். குறைந்தால்தான், "இன்னிக்கு ஒரு வேளை கூட" என்பார். மூன்றாவது வாரம் ஒரு காலை பிள்ளை சத்தம் போட்டு அழுதது. அப்படி ஒரு அழுகை. நாங்கள் பயந்து ஓடினால், நர்ஸம்மா கூடைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "பசிக்கிதாம் கழுதைக்கு" என்றார்.

பேளுக்குறிச்சிச் சந்தை முடிந்த மறுநாள் தவறாமல் மச்சான் மலையேறி வந்துவிடுவார். தங்கச்சிக்குப் பூண்டு, கருவாடு, நாட்டுக்கோழி. முதல் தரம் ஒரு சாக்குத் தவிடும் கொண்டுவந்து இறக்கினார். நர்ஸம்மா சாக்கைப் பார்த்து, "இம்புட்டுக்கும் பிள்ளைக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டார். மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுக்குங்க என்றார். அவர் பிள்ளையைத் தொட அனுமதி கேட்டுத்தான் தொடுவார். அதில் கேலி ஒன்றும் இல்லை.

எம்பிள்ளைக்கு நான்தான் பேர் வைப்பேன் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். வேதத்துப் பேர் ஏதாவது வைத்துவிடுவாரோ என்று எனக்குள் ஒரு உதறல். அன்னம் என்று வைத்தார். நாற்பத்தெட்டாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கூடையிலிருந்து எடுத்துப் பாவாயி கையில் கொடுத்தார்.

"வளக்கக் குடுக்கேன். ஒழுங்கா வளங்க. நான் கேக்கும்போது கொண்டாந்து காட்டணும்."

மாதம் ஒரு தரம் கொண்டுபோய்க் காட்டினோம். அவள் இரண்டு வயதில் மலாயாவுக்குப் புறப்பட்டபோது சொல்லிக்கொள்ளப் போனோம். அந்த அம்மாள் பிள்ளையைத் தராசில் உட்கார வைத்துப் பார்த்தார். அது தராசை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே ஒரு நோயாளியைக் கவனிக்கப் போய்விட்டார். எங்களை அழவைக்கக் கூடாது என்றுதான் போனார் என்று பாவாயி இன்றைக்கும் சொல்லுவாள்.

7

டவுனிலிருந்து திரும்பிய சாயங்காலம் நான் மேசையில் உட்கார்ந்து நர்ஸம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். 'மேற்படி குழந்தையின்மீது தங்களுக்கு யாதொரு உரிமையும் இல்லை என்பதாக' என்று ஒரு வரி எழுதினேன். எழுத்து வேலையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பழகிய கை, இதற்கு மேல் நகரவில்லை.

அன்னம் வந்து பக்கத்தில் நின்றாள். காகிதத்தைப் படித்தாள்.

"அந்த அம்மா என்னைய வாங்கினது நெசமாத்தானாப்பா?"

"நெசம்தான் கண்ணு."

"விளையாட்டுக்குன்னு நெனச்சேன். அப்ப நாளைக்கு அவங்க வந்து கேட்டா?"

"கேட்க மாட்டார். அன்றைக்கு வாங்கியதே உன்னை எங்களிடமே உயிரோடு கொடுப்பதற்குத்தான்."

அவள் விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். "டோலி வந்தப்ப நீங்க வாசல்ல கைய விரிச்சுட்டு நின்னீங்கல்ல?" என்றாள். எனக்கு அவள் குரல் பிடிபட்டுவிட்டது. அது கேள்வியாக இல்லை. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னை வளர்ப்புத் தகப்பன் என்று சொல்லியிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"இல்லை சாமி" என்றேன். "டோலி கட்டுகிறபோது நான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன்."

எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன்.  பேனாவைக் கீழே வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகில் பாவாயி வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நானுந்தான் கெளம்பிச் சேலையக் கட்டிட்டு நின்னேன்" என்றாள் அவள். "அப்படிச் சொல்லாதீங்கன்னு இத்தன வருசமா நான் அவருகிட்டச் சொன்னதில்ல. அவரு பொய்யச் சொன்னா எனக்கும் சேத்து மறைஞ்சுதுல்ல."

நான் இவ்வளவு நாளும் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே துணிதான் போர்வை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்னம் வெளியே போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது "தா மாவு" என்றாள். பாவாயி திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

மறுநாள் நான் பெரட்டு முடித்து வந்தபோது அவள் என் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அரைத்தாளுக்குத் தமிழ், அவள் கையெழுத்தில். மடித்து என்னிடம் நீட்டினாள். ஒட்டுவதற்கு முன் படிக்கலாமா என்று கேட்டேன். படிங்க என்றாள்.

'என்னை வாங்கிய அம்மாவுக்கு அன்னம் எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன். ஸ்கூலில் உங்களிடம் ஒரு கடிதம் கேட்கச் சொன்னார்கள். நீங்கள் அதை எழுத வேண்டாம். நான் உங்கள் பிள்ளையாகவும் இருக்கிறேன். அப்பா அன்றைக்குக் கயிறு பிடித்ததை நேற்றுத்தான் சொன்னார். உங்களுக்கு முன்பே தெரியும். அம்மாவும் சேலை கட்டிக்கொண்டு நின்றார்களாம். இரண்டு பேரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னை ஒழுங்காகத்தான் வளர்க்கிறார்கள்.'

நான் எழுதி வைத்திருந்த வரியைக் கிழித்துப் போட்டேன். பள்ளிக்கூடத்து மதரிடம் நானே போய், என் இங்கிலீஷில், எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன். விற்றோம் என்றே சொல்லுகிறேன். அன்னத்தின் கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டினேன். நேற்றுத் தபாலில் போயிற்று.